நேஷன்ஸ்டேட்ஸ்: சட்டம் போடலாம், எல்லை போட முடியாது

இணையத்தில் ஓர் அரசாங்கத்தை நடத்திப் பார்க்க ஆசைப்பட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது நேஷன்ஸ்டேட்ஸ்தான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002 நவம்பரில் தொடங்கியது. இன்னும் ஓடுகிறது, இன்னும் இலவசம். சேலம் பக்கம் கல்லூரிகளில் மாதிரிச் சட்டமன்றம், இளைஞர் நாடாளுமன்றம் என்று நடத்துகிறவர்கள் இதைப் பயிற்சிக் களமாக எடுத்துக்கொள்ளலாமா? சட்டம் எழுதிப் பழகத் தாராளமாக எடுக்கலாம். எல்லைகளை மாற்றி வரைந்து பார்க்க இது உதவாது. அதற்கு க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

தளம் கிட்டத்தட்ட முழுக்க எழுத்துதான். அனிமேஷன், முப்பரிமாணம் எதுவும் இல்லாததால் பழைய போனிலும் ஓடும். ஏற்காட்டில் சிக்னல் ஒரு கோடாக இறங்கிவிட்டாலும் பக்கம் திறக்கும். ஒரு நாட்டை உருவாக்கியதும் தினமும் சில பிரச்சினைகள் உங்கள் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் சில தீர்வுகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பொருளாதாரம், குடிமை உரிமைகள், அரசியல் சுதந்திரம் என்று பல அளவுகோல்கள் நகரும். எது எவ்வளவு நகரும் என்பதை முன்னாலேயே காட்ட மாட்டார்கள். முதல் வாரத்தில் இது சுவாரசியம், பிறகு சலித்துவிடும். 28 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் நாடு மறைந்துவிடும். தேர்வு, ஊருக்குப் போவது என்றால் விடுமுறை அமைப்பைப் போட்டு 60 நாள் வரை தள்ளலாம்.

உண்மையான சரக்கு உலக மன்றத்தில் இருக்கிறது. வேர்ல்ட் அசெம்பிளி என்று பெயர். 2008 வரை ஐ.நா. பெயரிலேயே இருந்தது, ஐ.நா. ஆட்சேபித்த பிறகு மாற்றினார்கள். ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மன்றத்தில் ஒன்றுதான் உறுப்பினராகலாம். இங்கேதான் கல்லூரிக்காரர்கள் முதலில் மாட்டுவார்கள். ஒரே லேபில், ஒரே வைஃபையில் முப்பது பேர் ஒரே நாளில் சேர்ந்தால், ஒரே ஆள் பல வேஷம் போடுவதாகத் தளத்தின் நடுவர்களுக்குச் சந்தேகம் வரும். சேர்வதற்கு முன்பே உதவிப் பக்கம் வழியாக அவர்களுக்கு எழுதிவிடுங்கள். இன்னும் நல்லது, அவரவர் போனில் அவரவர் டேட்டாவில் சேர்வது.

சட்ட முன்மொழிவு வைக்க உங்கள் நாட்டுக்குக் குறைந்தது 2 ஆதரவு வேண்டும். ஒரே மண்டலத்தில், அதாவது நாடுகள் சேர்ந்த ஒரே குழுவில், உள்ள மன்ற உறுப்பினர்கள்தான் ஒருவருக்கொருவர் ஆதரவு தர முடியும் என்பதால், மூன்று பேர் சேர்ந்து ஒரு மண்டலம் தொடங்கினாலே வாசல் திறந்துவிடும். மண்டலத்தில் அதிக ஆதரவு பெற்றவர் பிரதிநிதி. உங்கள் முன்மொழிவு வாக்கெடுப்புக்குப் போக, உலகம் முழுக்க உள்ள பிரதிநிதிகளில் 6 விழுக்காடு பேர் ஒப்புதல் தர வேண்டும். பிறகு நான்கு நாள் வாக்கெடுப்பு, சாதாரணப் பெரும்பான்மை போதும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். சேர்வராயன் மலையில் பாக்சைட் தோண்டிய இடங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர், சுரங்கம் மூடிய பிறகு நிலத்தைச் சீர்படுத்தக் கட்டாயப்படுத்தும் தீர்மானம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்வராயன் என்றோ மேட்டூர் என்றோ எழுதிய நிமிடமே அது செல்லாது; சட்டங்களை எடுத்துக்கொள்ளும் மன்றத்தின் பொதுச் சபையில் நிஜ உலகப் பெயர் வரக்கூடாது. 'மலைப்பகுதித் திறந்தவெளிச் சுரங்கம்' என்று பொதுவாகத்தான் எழுத வேண்டும். அடுத்து வரையறை. 'நிலத்தைத் தோண்டும் எந்தச் செயலும்' என்று விரித்துப் போட்டால் கிணறு வெட்டும் விவசாயியும் அதில் விழுவார். எதிர்த்து வாக்களிக்கிறவர்கள் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். 'வணிக நோக்கில், இத்தனை பரப்புக்கு மேல்' என்று குறுக்கினால் வேறு சிக்கல்: ஒரே நிறுவனம் குத்தகையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தப்பித்துவிடும். ஒரே உரிமையாளரின் அடுத்தடுத்த குத்தகைகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று ஓர் உட்பிரிவு போட்டால்தான் சட்டம் நிற்கும்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. தீர்மானத்துக்கு ஒரு வகையும் வீரியமும் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறைவேறினால் அதற்கேற்ப உறுப்பு நாடுகள் அனைத்தின் அளவுகோல்களும் நகரும். வீரியம் பெரிது என்று போட்டுவிட்டு உள்ளே 'கேட்டுக்கொள்கிறது', 'ஊக்குவிக்கிறது' என்று மட்டுமே எழுதினால் பொருந்தாது என்று தள்ளிவிடுவார்கள். இதைத் தீர்ப்பது ஆட்டக்காரர்களைக் கொண்ட செயலகம்.

எங்களுக்கு மிகவும் பிடித்த விதி, திருத்தம் கிடையாது என்பது. நிறைவேறிய தீர்மானத்தில் ஒரு சொல்லைக் கூட மாற்ற முடியாது. முழுதையும் ரத்து செய்யத் தனித் தீர்மானம், அது நிறைவேறிய பிறகு புதிதாக இன்னொன்று. ரத்துத் தீர்மானத்துக்குள் புதுச் சட்டத்தை நுழைக்கவும் கூடாது. பழைய தீர்மானம் சொல்லாததைச் சொன்னதாகத் திரித்து வாதாடவும் கூடாது. ஏற்கெனவே உள்ள தீர்மானத்தோடு முரண்பட்டாலோ அதையே திரும்பச் சொன்னாலோ செல்லாது. நம் மாதிரிச் சட்டமன்றங்களில் மசோதா என்ற பெயரில் வருவது பெரும்பாலும் மேடைப் பேச்சு. நடப்பில் உள்ள சட்டத்தை முதலில் படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஆட்டம் கட்டாயப்படுத்தியே ஏற்றிவிடும்.

ஒப்புதல் திரட்டுவது தனி வேலை. பிரதிநிதிகளுக்குத் தந்தி என்ற பெயரில் செய்தி அனுப்ப வேண்டும். மொத்தமாக அனுப்ப நிஜக் காசு கொடுத்து ஸ்டாம்ப் வாங்கலாம். இல்லை, ஏபிஐ சாவி (நிரல் வழியே தளத்தைப் பயன்படுத்தும் அனுமதி) கேட்டு வாங்கி நிரல் எழுதி அனுப்பலாம், ஆனால் 30 வினாடிக்கு ஒன்றுதான் போகும். ஆள் சேர்க்கும் செய்தி என்றால் 180 வினாடிக்கு ஒன்று. வேகத்தைக் கூட்டினால் தடை விழும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. அவர் பதவி இழந்தால் அவருடைய ஒப்புதலும் போய்விடும். ஆகவே 6 விழுக்காட்டைத் தொட்டதும் நிறுத்தாமல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வையுங்கள்.

வாக்கெடுப்பிலும் நம்மவர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பிரதிநிதியின் வாக்கு அவருடைய ஒரு வாக்கும் அவர் பெற்ற ஆதரவு எண்ணிக்கையும் சேர்ந்த எடை. நார்த் பசிபிக் போன்ற பெரிய மண்டலத்துப் பிரதிநிதி முதல் நாளே எதிர்த்துப் போட்டால் தராசு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த பக்கமே சின்ன நாடுகளும் போய்ச் சேரும். வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே அந்தப் பெரிய மண்டலங்களில் வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட வேண்டும். தளம் தன் கணக்குகளை நாள்தோறும் புதுப்பிக்கும் 'பெரிய புதுப்பிப்பு' அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவு 12க்கு. நமக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. நாள்கணக்கு அதை ஒட்டித்தான் ஓடுகிறது. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு நாள் போய்விடும்.

குறை என்றால் மொழி. வாக்களிக்கிறவர்கள் படிப்பது ஆங்கிலம். தமிழில் யோசித்து வரைந்து, பிறகு ஆங்கிலத்தில் எழுத ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்வதே நடைமுறை.

இனி எல்லை. நேஷன்ஸ்டேட்ஸில் மண்டலம் என்பது நிலம் இல்லை, உறுப்பினர் பட்டியல். ஒரு நாடு இங்கிருந்து அங்கே தாவலாம், மண்டலத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம், எல்லைக் கட்டுப்பாட்டு அதிகாரி வேண்டாதவரை வெளியேற்றலாம். ஆனால் எல்லையை நகர்த்தி ஆட வரைபடம் எதுவும் கிடையாது. சில மண்டலங்கள் தாங்களே படம் வரைந்து வைத்திருக்கின்றன. அது அலங்காரம்தான், ஆட்டத்தின் கணக்கு எதையும் அது தொடுவதில்லை.

சேலத்தை வைத்து மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைவது, ஆடிப் பார்க்க க்யூஜிஐஎஸ் போதும். ஆனால் மசோதா எழுதும் முன் எந்த எல்லை என்று தெளிவாக இருக்க வேண்டும். மாநில எல்லை அரசமைப்பின் 3ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்தின் வேலை. மாவட்ட எல்லை மாநில அரசின் வேலை. 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தது அப்படித்தான். தொகுதி எல்லை மறுவரையறை ஆணையத்தின் வேலை. அதன் ஆணை அவையில் வைக்கப்படும், ஆனால் அவை அதை மாற்ற முடியாது. ஆகவே வரைபடத்தையே வாக்கெடுப்புக்கு விடுகிற மாதிரிச் சட்டமன்றம் தவறான பாடம் நடத்துகிறது. வரைவதற்கான விதியை அவை நிறைவேற்றட்டும். படத்தை மூன்று பேர் கொண்ட ஆணையம் வரையட்டும்.

கணக்கு எளிது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7,21,47,030 பேர், தொகுதிகள் 234. சராசரி சுமார் 3,08,300. சேலம் மாவட்டம் 34,82,056. வகுத்தால் 11.29, ஆக இப்போதுள்ள 11 தொகுதிகளே வரும். மாவட்டத்துக்குள் சராசரி சுமார் 3,16,550. ஆட்டத்துக்குப் பத்து விழுக்காடு கூடக் குறைய அனுமதித்தால் ஒவ்வொரு தொகுதியும் 2.85 லட்சத்துக்கும் 3.48 லட்சத்துக்கும் இடையில் இருக்க வேண்டும்.

எல்லைக் கோட்டைக் கையால் வரையாதீர்கள். பலரும் கெடுவது இதில்தான். தொகுதிகளைத் தனித்தனியாக வரைந்தால் அவற்றுக்கிடையே மயிரிழை இடைவெளியும் மேற்பொருந்தலும் வரும். கிராம எல்லைகள் உள்ள அடுக்கில் (லேயர்) 'தொகுதி எண்' என்று ஒரு பத்தி சேர்த்து, கிராமங்களைத் தேர்ந்தெடுத்து எண் கொடுத்து, கடைசியில் ஒரே எண் உள்ளவற்றை ஒன்றாக்கும் டிஸால்வ் கருவியை ஓட்டினால் எல்லை தானாக வந்துவிடும். எண் மாற்றி மறுபடி ஓட்டுவது இரண்டு நிமிட வேலை. மாநகராட்சிக்குள் மட்டும் கிராமத்துக்குப் பதில் வார்டு.

மக்கள்தொகைப் பட்டியலைக் கிராமக் குறியீட்டால் இணைக்க வேண்டும். இணைந்த பிறகு பாதி காலியாக இருந்தால், ஒரு பக்கம் குறியீடு எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கிறது என்று பொருள்; எண்ணாக்கும்போது முன்னால் உள்ள சுழியம் விழுந்துவிடும். இரண்டையும் எழுத்தாகவே வையுங்கள். இன்னொரு காரணம் தாலுகா. 2011இல் சேலத்தில் 9 தாலுகா. பெத்தநாயக்கன்பாளையம், காடையாம்பட்டி, தலைவாசல் எல்லாம் பிறகு வந்தவை. இன்றைய தாலுகா எல்லையோடு 2011 எண்ணை ஒட்டினால் ஒட்டாது. மலையில் காப்புக் காடுகள் குறியீடில்லாத தனித் துண்டுகளாக நிற்கும். ஆளில்லை என்று விட்டுவிட்டால் தொகுதியின் நடுவே ஓட்டை விழும். சுழியம் மக்கள்தொகை கொடுத்து பக்கத்துக் கிராமத்தின் எண்ணையே கொடுங்கள்.

பரப்பளவு கணக்கிடும்போது ஒரு வினோதம். 78 டிகிரி தீர்க்கரேகை இந்த மாவட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது: உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் வரைபட முறையில் மேட்டூரும் எடப்பாடியும் 43ஆம் மண்டலம், சேலம் நகரமும் ஆத்தூரும் 44. ஒரே மண்டலத்தில் போட்டு வேலை செய்தால் மறுபக்கம் சற்றே பிசகும், ஆட்டத்துக்கு அது பெரிதில்லை. ஆளுக்கொரு மண்டலத்தில் சேமித்த கோப்புகளைக் கண்மூடித்தனமாக ஒன்று சேர்த்தால்தான் குழப்பம். மென்பொருளிலேயே உள்ள, பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் நீள்வட்டக் கணக்கைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஏற்காடுதான் உண்மையான சோதனை. மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டு, இதுவும் சேந்தமங்கலமும். மலை மட்டும் ஒரு தொகுதிக்குப் போதாது, வாழப்பாடிப் பக்கச் சமவெளியைச் சேர்த்தே ஆக வேண்டும். பழங்குடியினர் விகிதம் எங்கே அதிகமோ அங்கேதான் ஒதுக்கீடு. சேர்க்கிற ஒவ்வொரு சமவெளிக் கிராமமும் விகிதத்தைக் குறைக்கும், சேர்க்காவிட்டால் மொத்த எண் போதாது. ஒவ்வொரு கிராமமாகச் சேர்த்துக்கொண்டே மொத்த மக்கள்தொகை, பழங்குடியினர் விகிதம் என்ற இரு பத்திகளையும் பார்த்தால் ஆணையத்தின் வேலை என்னவென்று புரியும். 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம் போக்குவரத்து வசதியையும் பார்க்கச் சொல்கிறது. படத்தில் மலைக்கு ஒட்டினாற்போல் தெரிகிற அடிவாரக் கிராமத்துக்கு மேலே போக, கீழே சேலம் வந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியிருக்கலாம். இதை மென்பொருள் சொல்லாது. சாலை அடுக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மக்களவைத் தொகுதிகளையும் ஏற்றிப் பார்த்தால் மாவட்ட எல்லை எவ்வளவு சாதாரணமாக மீறப்படுகிறது என்பது தெரியும். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி கள்ளக்குறிச்சியில், சங்ககிரி நாமக்கல்லில், மேட்டூர் தருமபுரியில், மீதி ஆறுதான் சேலத்தில்.

முடித்ததும், ஒட்டாத துண்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ் கருவியை ஓட்டுங்கள். 11 துண்டுக்கு மேல் வந்தால் எங்கோ ஒரு கிராமம் தீவாக நிற்கிறது. கோப்பை ஷேப்ஃபைலாக அனுப்ப வேண்டாம்: பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம், யூனிகோட் தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கே 3 பைட், மூன்றோடு தலைப்பு அறுந்துவிடும். ஷேப்ஃபைல் என்பது பல கோப்புகளின் தொகுப்பு; வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவற்றை மறப்பதும் வழக்கம். ஜியோபேக்கேஜ் வடிவம் ஒரே கோப்பு, அதில் அனுப்புங்கள். மசோதாவின் அட்டவணையில் படத்தை ஒட்டாமல், நிஜ ஆணையில் இருப்பதுபோல் தாலுகா, கிராமம், வார்டு என்று பெயர்ப் பட்டியலையே போடுங்கள். எதிர்க்கட்சி வாதாடப் போவது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.