ஒரே பெட்டி, வேறு வேறு போத்தல்: சிசிலியின் இயற்கை வைன்

இத்தாலியின் சிசிலித் தீவில், திராட்சையைத் தானாகப் புளிக்கவிட்டு அனேகமாக வேறொன்றும் சேர்க்காமல் செய்யும் சிவப்பு இயற்கை வைன் காசுக்குத் தகுமா என்று கேட்டால், வைனுக்குத் தகும், ஒவ்வொரு போத்தலுக்கும் அப்படிச் சொல்ல முடியாது என்பேன்.

பலெர்மோவில் இருப்பதால் இவை எனக்கு ஊர்ச் சரக்கு. வித்தோரியா ஊர்ப் பக்கத்து ஃப்ரப்பாத்தோ திராட்சை வைன், அந்தத் திராட்சையை நேரோ தாவொலாத் திராட்சையோடு கலந்து செய்யும் செராசுவோலோ, எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசேத் திராட்சை வைன் என்று பல வருடமாக மாறி மாறி வாங்குகிறேன்.

ஒருமுறை சின்னத் தோட்டக்காரர் ஒருவரின் ஃப்ரப்பாத்தோவில் ஒரு பெட்டி எடுத்தோம். எல்லாவற்றிலும் ஒரே லொட் எண், அதாவது ஒரே தடவையில் அடைத்தவை. முதல் போத்தலில் ஸ்ட்ரோபெரியும் மிளகும் மணத்தன. மீன் பொரியலோடு வைத்தோம், சோறு முடிய முன்பே அது முடிந்துவிட்டது. அடுத்ததில் திருகாணியைச் செருகியதுமே தக்கை தானாக மேலே ஏறியது. கிளாஸின் விளிம்பில் பொடிக் குமிழ்கள், நாக்கில் சுருக்கென்று ஒரு கடி. புளித்து முடியாத சர்க்கரையோடு அடைத்திருக்கிறார்கள், மிச்சத்தை ஈஸ்ட் போத்தலுக்குள் தின்று வாயுவாக்கியிருக்கிறது. வடிகட்டாத வைனில் எந்தப் போத்தலுக்குள் எவ்வளவு ஈஸ்ட் போகும் என்பது அடைக்கும்போது தொட்டியின் மேல்பகுதியா அடிமண்டியா வந்தது என்பதைப் பொறுத்தது. தக்கைகளும் ஒரே அளவு காற்றை உள்ளே விடுவதில்லை. இந்தக் குமிழுக்காக நான் சண்டை போடுவதில்லை, ஜாடியில் ஊற்றி நாலு தரம் சுழற்றினால் பெரும்பகுதி போய்விடும். அழுகின முட்டை வாடையும் அப்படித்தான், அனேகமாகக் காற்றுப் பட்டால் அடங்கும்.

காற்றுக்கு அடங்காதவைதான் தொல்லை. சர்க்கரை இல்லாத சிவப்பு வைனில் கெடாமல் காக்கும் சல்ஃபைட் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்க ஐரோப்பிய ஒன்றியம் விடுகிறது, இயற்கை விவசாயச் சான்றிதழ் உள்ளதில் 100. 'இயற்கை வைன்' என்பதற்கு ஒன்றியத்தின் சட்டத்தில் வரையறையே கிடையாது; செய்பவர்களில் பலர் சல்ஃபைட் துளியும் சேர்ப்பதில்லை. இங்கேயோ வெயில். பழம் சூட்டில் பழுக்கும்போது புளிப்பு இறங்கி, புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவான பிஎச் ஏறுகிறது. பிஎச் ஏறினால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், கொஞ்சம் சல்ஃபைட் போட்டிருந்தாலும் அதன் வேகம் குறைந்துவிடும். வைனைச் செய்த பிறகும் சூடு விடுவதில்லை. 2021 ஓகஸ்ட் 11 அன்று சிரகூசாவுக்குப் பக்கத்து ஃப்ளோரிடியாவில் 48.8 பாகை பதிவானது. அப்படியான கோடையில் குளிரூட்டி இல்லாத கடையின் தட்டில் நின்ற போத்தலை நான் தொடமாட்டேன், லேபிள் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

நெரெல்லோவில் மெல்லிய வினிகர் வாடை எனக்குப் பிடிக்கும், பழத்தைத் தூக்கிக் காட்டும். நகப்பூச்சு நீக்கி மாதிரி மணந்தால் அது எதைல் அசிடேட், சட்டியில் ஊற்ற வேண்டியதுதான். குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போன்ற மணங்கள் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. கொஞ்சமாக இருந்தால் ஆட்டிறைச்சிக் கறியோடு ஒத்துப்போகும் என்று வீட்டில் ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

நான் மன்னிக்காதது எலி வாடை. மூக்கை வைத்தால் ஒன்றும் தெரியாது, வைனின் புளிப்பில் அந்த வாடையைத் தரும் சேர்மம் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். விழுங்கி சில நொடி கழித்து, எச்சில் புளிப்பைக் குறைத்ததும், தொண்டைப் பக்கத்தில் இருந்து எலிக்கூட்டு வாடை எழும், பழைய பொப்கோர்ன் மாதிரியும் இருக்கும். பிறகு எதைச் சாப்பிட்டாலும் அதுதான். திறந்தவுடன் சுத்தமாக இருந்த போத்தலில் ஒரு மணி நேரம் கழித்து வரும். இதில் இன்னொரு கூத்து, சிலருக்கு இது தெரியவே தெரியாது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க, என் மனுசி அதே கிளாஸை ரசித்துக் குடித்து முடிப்பார். சந்தேகம் வந்தால் புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து மணந்து பார்க்கலாம்.

தக்கை நாற்றம், அதாவது கெட்ட தக்கையால் வைனில் ஏறும் பூஞ்சை வாடை, என்றால் கடைக்காரர் பேசாமல் மாற்றித் தருவார். எலி வாடை என்று கொண்டுபோனால் "இது உயிருள்ள வைன், அப்படித்தான் இருக்கும்" என்பார். போத்தலுக்குப் போத்தல் மணம் மாறுவதற்கு அந்தச் சமாதானம் சரி. கெட்டுப்போனதற்கும் அதையே சொன்னால், இருபத்தைந்து யூரோ கொடுத்தவன் எப்படி ஒப்புக்கொள்வது?

இப்போது ஒரு போத்தல்தான் முதலில் வாங்குவேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தக்கையோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கொஞ்சம் சூடேறவிட்டுக் குடித்துப் பார்ப்பேன். அன்றைக்கும் சுத்தமாக இருந்தால் அதே லொட்டில் இன்னும் இரண்டு மூன்று. ஃப்ரப்பாத்தோ என்றால் அடுத்த கோடைக்கு முன் முடித்துவிடுவோம். மலையில் உயரத்தில் விளைந்த நெரெல்லோவுக்குப் புளிப்பு அதிகம் என்பதால் அதை மட்டும் ஒன்றிரண்டு வருடம் நம்பி வைக்கிறேன்.