ஒட்டிக் கட்டுவதா, ஒதுங்கிக் கட்டுவதா?

தக்கலைக்குப் பக்கத்தில், கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அருங்காட்சியக விரிவாக்க வடிவமைப்புப் போட்டி என்றாலே, புதிய பகுதியைப் பழைய கட்டடத்தை ஒட்டிக் கட்டுவதா, ஒதுங்கிக் கட்டுவதா என்ற கேள்விதான் முதலில் வரும்.

1991இல் திறந்த லண்டன் நேஷனல் கேலரியின் செயின்ஸ்பரி பிரிவு ஒட்டியது. கட்டடக் கலைஞர்கள் வெஞ்சுரியும் ஸ்காட் பிரவுனும் பழைய முகப்பின் தூண் வடிவங்களையே தொடர்ந்து, மெல்லக் கரையவிட்டார்கள். மரியாதையான வேலை.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் ஒதுங்கினார். பழைய கல் கட்டடத்தின் கிழக்கே புல்வெளியில் ஐந்து கண்ணாடிக் கூடங்கள்; காட்சியறைகள் பெரும்பாலும் மண்ணுக்கடியில். பகலில் வெளிச்சம் உள்ளே இறங்கும், இரவில் வெளியே கசியும். 2007இல் திறந்தார்கள். பழைய முகப்பு மறையவே இல்லை. என் ஓட்டு இதற்கே.

ஆனால் எங்கள் ஊருக்கு அப்படியே ஒத்துவராது. இரண்டு பருவமழையும் கொட்டும் மண்ணில் நிலவறை ஈரம் ஓவியங்களைத் தின்றுவிடும். ஒதுங்கியே கட்டட்டும், தரைக்கு மேலே, அரண்மனை ஓட்டுக்கூரையைவிடத் தாழ்வாக.