ஷாக் போன ஸ்விஃப்ட்: கம்பெனி ஷாக்கா, காஸ்ட்லி ஷாக்கா?

80,000 கிலோமீட்டரைத் தாண்டிய பழைய ஸ்விஃப்ட். 2011 முதல் 2017 வரை விற்ற மாடல் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் இரண்டு மூன்று தரம் ஆடித்தான் அடங்குகிறது. பின் சீட்டில் இருப்பவர்கள் "தூக்கித் தூக்கிப் போடுது" என்கிறார்கள். டயரைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின், சுருக்கமாக ஷாக்கின், மேல் லேசாக எண்ணெய்ப் பசை மட்டும் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். உடல் முழுக்க நனைந்து சொட்டினால் அது போய்விட்டது.

மெக்கானிக் கேட்பார்: "பழையபடியே போட்டுடலாமா, இல்ல கொஞ்சம் நல்லதா பார்க்கலாமா?" இதற்குப் பதில் சொல்லும் முன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கார் புதிதில் ஓடிய மாதிரி திரும்ப ஓடினால் போதுமா, அல்லது புதிதிலேயே இல்லாத ஒன்று வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு முதலாவதுதான் வேண்டும். பத்து வருடத்தில் கார் எப்படி ஓடியது என்பதே மறந்துபோவதால், கம்பெனி ஷாக், அதாவது கார் வரும்போதே இருந்த அதே ரகம், புதிதாகப் போட்டவுடன் கிடைக்கும் மாற்றமே அவர்களுக்குப் பெரிய மேம்பாடாகத் தெரியும்.

கம்பெனி ஷாக் என்பது இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெய் இருக்கும். அந்தக் காரின் ஸ்பிரிங்குக்கும் எடைக்கும் பார்த்துப் பார்த்து அமைத்த வால்வு அதற்குள் இருக்கிறது. கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி போன்ற பெயர்களில் வெளிச்சந்தையில் கிடைப்பவையும் பெரும்பாலும் இதே இனம்தான். கேஸ் நிரப்பியது என்று பெட்டியில் போட்டிருந்தால், எண்ணெய் நுரைக்காமல் இருக்கச் சிறிய அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். வெறும் ஆயில் ஷாக்கைவிட அது நல்லதே. விலை வித்தியாசம் சிறிதென்றால் யோசிக்காமல் அதையே எடுக்கலாம்.

காஸ்ட்லி பக்கம் போனால் ஒற்றைக் குழாய் ஷாக். பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இலேயே மெர்சிடிஸுக்காக இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இதில் கேஸ் தனி அறையில் இருக்கும், அழுத்தம் 20 முதல் 30 பார் வரை, அதாவது நம் டயர் காற்றைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெயில் நுரை கலக்காது. நான்கு வழிச்சாலையில் மேம்பால இணைப்புகள்மீது வேகமாகப் போகும்போது கார் ஒரே அசைவில் அடங்கி உட்காருவது இதில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் நகரத்துக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சின்னச் சின்னக் குழியெல்லாம் முதுகுக்குத் தெரியும். இன்னொன்றைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இதில் வெளிக்குழாயிலேயே பிஸ்டன் ஓடுவதால், கல் தெறித்து ஒரு நெளிசல் விழுந்தாலே ஷாக் சிக்கிக்கொள்ளலாம். இரட்டைக் குழாய் அந்த அடியைத் தாங்கிவிடும். ஜல்லிச் சாலையில் தினமும் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பில்ஸ்டைனிலேயே பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு மாற்று, பி6 இறுக்கமானது, பி8 உயரம் குறைத்த ஸ்பிரிங்குக்கானது. மூன்றையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள் உண்டு. எதுவானாலும் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய பாக எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். "செட் ஆயிடும் சார்" என்பதை நம்பக் கூடாது.

ஷாக்கால் தீராத குறைகளும் இருக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கார் சாய்கிறது என்று ஷாக்கை மேம்படுத்தினால், சாயும் வேகம் குறையும். சாயும் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும் பார்க்க வேண்டிய வேலை. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் தாழ்கிறது என்றாலும் அப்படித்தான். எடையைச் சுமப்பது ஸ்பிரிங், ஷாக் அல்ல.

அந்தத் தாழ்வுக்கு மலிவு வைத்தியமாக ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுகிறார்கள். காரின் உயரம் கூடும்தான். ஆனால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகிவிடும், அதை அடக்க வேண்டிய ஷாக்கோ ஏற்கெனவே செத்திருக்கிறது. பழையதைப் பிரித்துச் சரிசெய்து விற்கும் ரீகண்டிஷன் ஷாக் பற்றி இரண்டு வரி போதும்: எண்ணெயும் சீலும் புதிது, தேய்ந்த ராடும் வால்வும் பழையது. முன்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

என் கணக்கு இதுதான். ஒற்றைக் குழாய்க்குக் கொடுக்க இருக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதியை ரப்பர் சாமான்களில் போடுங்கள். முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் இறுக்கித்தான் பிரிக்க வேண்டும். கூலியில் பாதி அதற்கே போகும். அப்படிப் பிரித்த பிறகு பழைய டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையைக் காரோடு இணைக்கும் ரப்பர் தாங்கி), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), டஸ்ட் கவர் ஆகியவற்றைத் திரும்பப் போடுவது வீண். பிறகு 'டக் டக்' சத்தம் வந்தால் அதே கூலியை இன்னொரு தரம் கொடுக்க வேண்டும். ஆன்டி ரோல் பாரைப் பிடிக்கும் லிங்க் ராடு, சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பரான லோயர் ஆர்ம் புஷ் இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம். பின்பக்கம் எளிது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருப்பதால் வேலை சீக்கிரம் முடியும்.

எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கையில் பணம் குறைவென்றால் இந்த மாதம் முன்னால் இரண்டு, அப்புறம் பின்னால் இரண்டு என்று பிரிக்கலாம். இடது பக்கம் மட்டும் என்று பிரிக்கக் கூடாது. முன்பக்கம் கழற்றினால் வீல் கோணம் மாறியிருக்கும், அன்றே அலைன்மென்ட் செய்துவிட வேண்டும்.

வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுபவர், இன்னும் ஐந்து வருடம் இதே காரை வைத்திருக்கப் போகிறவர் என்றால் ஒற்றைக் குழாய் வாங்கட்டும். பள்ளிக்கூடம், அலுவலகம், தீபாவளிக்கு ஊர் என்று ஓடும் காருக்கு கேஸ் நிரப்பிய கம்பெனி ரக ஷாக் நான்கும், புது மவுண்ட்டும் போதும்.