வருஷத்துக்கு ஒரு தடவையா, தினம் முப்பதா? குடோன் சரக்கை எண்ணும் இரண்டு வழிகள்

மார்ச் கடைசியில் இரண்டு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு மொத்தச் சரக்கையும் ஒரே மூச்சில் எண்ணி முடிப்பது ஒரு வழி. ஷட்டரை இறக்காமலே தினமும் காலையில் முப்பது அயிட்டம் எண்ணி, வருஷம் முடிவதற்குள் எல்லா ரேக்கையும் சுற்றி வந்துவிடுவது இன்னொரு வழி. இதற்குத்தான் சைக்கிள் கவுன்ட் என்று பெயர். (முதல் நாள் இந்தப் பெயரைச் சொன்னபோது எங்கள் பையன் ஒருவன் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்தான்.) நான் இருப்பது பைக் உதிரிபாக மொத்த வியாபாரத்தில். கடை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், குடோன் மாதவரத்தில், ஏறத்தாழ 6,000 பார்ட் நம்பர். ஏழு வருஷம் முதல் வழியில் எண்ணினேன், கடந்த மூன்று வருஷமாக இரண்டாவது வழியில். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை, சைக்கிள் கவுன்ட்தான். ஆனால் அதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் காரணங்களுக்காக நான் மாறவில்லை.

அந்தக் காரணங்கள் தெரிந்தவைதான். வியாபாரம் நிற்காது, மார்ச் மாத டார்கெட் அவசரத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதில்லை, ராத்திரி பிரியாணி வாங்கிக் கொடுத்து ஆட்களை உட்கார வைக்க வேண்டியதில்லை. எல்லாம் உண்மை. ஆள் செலவு மிச்சம் என்பார்கள் பாருங்கள், அது மட்டும் பொய். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷ எண்ணிக்கையில் பன்னிரண்டு பேர், இரண்டு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 288 மணி நேரம். சைக்கிள் கவுன்ட்டில் ஒரே ஆள் தினம் ஒன்றரை மணி நேரம், 300 வேலை நாள் என்றால் 450 மணி நேரம். இதுதான் அதிகம். முதலாளியிடம் செலவு குறையும் என்று சொல்லி இதை ஆரம்பிக்காதீர்கள், ஆறாவது மாதம் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஆறு ஜோடியாக 6,000 அயிட்டத்தை இரண்டு நாளில் முடிக்க வேண்டுமானால் ஒரு ஜோடிக்கு நாளுக்கு 500. ஒரு அயிட்டத்துக்கு ஒன்றரை நிமிஷம்கூடக் கிடையாது. ஏணி போட்டு ஏறி, பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பது வெளியே எழுதியிருப்பதுதானா என்று யார் பார்ப்பார்கள்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெட்டி மேல் இருக்கும் லேபிளைத்தான் எண்ணுவார்கள். நானே செய்திருக்கிறேன். காலை முப்பது அயிட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிஷம். பெட்டியைத் திறக்கலாம்.

சரி, நான் மாறியதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இருப்பில் வித்தியாசம் வருவது பெரிய விஷயமில்லை, எந்தக் குடோனிலும் வரும். அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. வருஷ எண்ணிக்கையில் அது முடியாது. மார்ச் 31 அன்று ஒரு கிளட்ச் பிளேட் செட் 60 குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை எந்த நாளில் குறைந்தது? யார் பில் போட்டார், யார் எடுத்தார், லாரியில் ஏற்றாமல் விட்டதா, சப்ளையர் குறைவாக அனுப்பி நாம் முழுசாகக் கையெழுத்துப் போட்டதா? பன்னிரண்டு மாத பில்லைப் புரட்ட யாருக்கும் பொறுமை கிடையாது. அந்த வேலையைச் செய்த பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பியே வரவில்லை. கடைசியில் டேலியில் (நாங்கள் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர்) பிசிக்கல் ஸ்டாக் வவுச்சர் ஒன்றைப் போட்டு, எண்ணி வந்ததையே இருப்பாக ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். தப்பு அப்படியே இருக்கும், அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே தப்பு நடக்கும்.

மேலே சொன்ன 60 செட் கற்பனை இல்லை, எங்களுக்கு நடந்ததுதான். செட் 400 ரூபாய் என்று 24,000 ரூபாயைக் கணக்கிலிருந்து கழித்தோம். கழித்தால் விஷயம் அதோடு முடியாது. தொலைந்த, களவுபோன, அழிந்த, கணக்கிலிருந்து கழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு தடுக்கிறது, திருப்பிக் கட்ட வேண்டும். பைக் பாகங்களுக்கு அப்போது 28 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது), ஆக 6,720 ரூபாய் போனது. ஜூன் மாதம் சைலன்சர் பெட்டிகளுக்குப் பின்னால் அந்த 60 செட்டும் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. சரக்கைக் கணக்கில் ஏற்றிவிட்டோம். கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாமா என்று ஆடிட்டரிடம் ஒரு மாதம் பேசிவிட்டு, இந்தத் தொகைக்கு நோட்டீஸ் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த ஜூனில்தான் மாறுவது என்று முடிவு செய்தேன்.

சைக்கிள் கவுன்ட்டில் இதே வித்தியாசங்கள் வேறு முகத்தோடு வருகின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரேக் ஷூ ஒன்று 50 செட் குறைந்தது. அதற்கு முந்தின எண்ணிக்கையில் சரியாக இருந்த அயிட்டம். அதனால் பார்க்க வேண்டியது நடுவில் வந்த பில்களை மட்டும்தான், அதிலும் சரக்கு உள்ளே வந்தது ஒரே ஒரு தடவை, வெள்ளிக்கிழமை. சப்ளையர் பில்லில் 100 என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பீஸ்’. பிரேக் ஷூ இரண்டு பீஸ் சேர்ந்தால் ஒரு செட். கணக்கில் ஏற்றும் நம் ஆபீஸ் பெண் 100 செட் என்று உள்ளே ஏற்றியிருக்கிறாள். பில் இன்னும் மேஜை மேல் இருந்தது, இறக்கிய லோடுமேன், “அம்பதுதான் சார் வந்துச்சு, நான்தானே அடுக்குனேன்” என்று நின்ற இடத்திலேயே சொன்னார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதைவிட முக்கியம், அந்த சப்ளையர் பெயரில் எது வந்தாலும் அளவு பீஸா செட்டா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு சீட்டை மானிட்டரில் ஒட்டினோம். அந்தத் தப்பு அதோடு நின்றது. மார்ச்சில் எண்ணியிருந்தால் இது 50 செட் திருட்டாகத்தான் தெரிந்திருக்கும், யாராவது ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்திருக்கும். வருஷ எண்ணிக்கை முடிந்த ஏப்ரல் மாதங்களில் குடோனில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும் பார்வையே சரியாக இருக்காது, இப்போது அது இல்லை.

இன்னொன்று பேரிங். 6301 பேரிங்கில் ரப்பர் சீல் போட்டது ஒன்று, தகடு மூடி போட்டது ஒன்று. அளவு ஒன்றே, பெட்டியும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று 40 கூட, இன்னொன்று 40 குறைய. மொத்த மதிப்பில் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆடிட்டருக்கு ரொம்ப சந்தோஷம். வாடிக்கையாளருக்கு? நாற்பது பேருக்குக் கேட்டது கிடைக்கவில்லை. வருஷ எண்ணிக்கையின் முடிவை எப்போதும் ரூபாயில்தான் சொல்வார்கள், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் மிச்சம் நிற்பது அழகாக இருக்கும். நான் இப்போது பார்ப்பது வேறு எண். இன்று எண்ணிய முப்பதில் எத்தனை அயிட்டம் சரியாக இருந்தது? கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. பேரிங் விஷயத்தில் செய்தது இவ்வளவுதான்: இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் எதிரெதிர் ரேக்குக்கு மாற்றினோம்.

எதை எப்போது எண்ணுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. புத்தகத்தில் சொல்வது ஏ, பி, சி பிரிப்பு. பணம் அதிகம் புரளும் அயிட்டம் ஏ, அடிக்கடி எண்ணு, சில்லறைச் சாமான் சி, வருஷம் ஒரு தடவை போதும். எங்களுக்கு ஏ 600 அயிட்டம் நாலு தடவை, பி 1,400 இரண்டு தடவை, சி 4,000 ஒரு தடவை. கூட்டினால் 9,200, முந்நூறு நாளால் வகுத்தால் நாளுக்கு முப்பது முப்பத்தொன்று. முதல் வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒரு ஓட்டை அப்புறம்தான் தெரிந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ரேக்குக்குப் போனால், கணக்கில் இருப்பதை மட்டும்தான் தேடுவோம். கணக்கில் பூஜ்யம் என்று இருந்து ரேக்கில் சரக்கு இருந்தால் கண்ணில் படாது. அந்தக் கிளட்ச் பிளேட் மாதிரி வேறு ரேக்கில் ஒளிந்திருப்பதும் படாது. அதனால் இப்போது பி, சி இரண்டையும் ரேக் வரிசையில் எண்ணுகிறோம். ஒரு தட்டு எடுத்தால் அதில் இருப்பது எதுவோ அத்தனையும், அங்கே இருக்கக் கூடாதது உட்பட. ஏ மட்டும் பட்டியல்படி. இந்தக் கலப்பு எங்களுக்குச் சரியாக ஓடுகிறது.

சைக்கிள் கவுன்ட் கெட்டுப்போவதும் சுலபம், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணுகிறவர் கையில் இருக்கும் தாளில் கணக்கு இருப்பை அச்சடித்துக் கொடுக்கக் கூடாது. 48 என்று தாளில் இருந்தால் ரேக்கிலும் 48 தான் தெரியும், மனுஷ சுபாவம். அந்த ரேக்கில் சரக்கு எடுப்பவரே அதை எண்ணக் கூடாது. முதல் பில் எடுப்பதற்கு முன், எங்களுக்கு எட்டு மணிக்குள், முடித்துவிட வேண்டும். பில் போட்டு இன்னும் எடுக்காதது, வந்து இறங்கி இன்னும் கணக்கில் ஏற்றாதது இரண்டையும் தனியாகக் குறிக்க வேண்டும். முதல் மாதம் நாங்கள் கண்டுபிடித்த ‘வித்தியாசங்களில்’ பாதி இப்படி வந்தவைதான், நிஜத்தில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வந்தால் உடனே கணக்கைத் திருத்தக் கூடாது, இன்னொருவர் மறுபடி எண்ணட்டும். திருத்தியே தீர வேண்டுமானால் காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காரணம் எழுதாமல் தினமும் திருத்திக்கொண்டே போனால், வருஷத்துக்கு ஒரு தடவை செய்த தப்பைத் தினமும் செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஆரம்பிக்கிறவர்கள் முதல் இரண்டு வாரம் ஒரே ஐம்பது அயிட்டத்தைத் தினமும் எண்ணிப் பாருங்கள். “அண்ணே, நேத்துதானே எண்ணினோம்?” என்பார்கள், பரவாயில்லை. நேற்று சரியாக இருந்தது இன்று தப்பினால், தப்பு நேற்றைய இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இருக்கிறது, ஓடி ஒளிய அதற்கு இடமில்லை. எங்கள் குடோனின் ஓட்டைகளில் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டு நாளில் வெளியே வந்தன. பெரியது ரிட்டர்ன் சரக்கு. மெக்கானிக் திருப்பிக் கொடுத்ததை ரேக்கில் வைத்துவிட்டு கிரெடிட் நோட்டை (திரும்பி வந்ததைக் கணக்கில் ஏற்றும் சீட்டு) மறுநாள் போடுவது எங்கள் பழக்கமாக இருந்தது, அந்த மறுநாள் சில சமயம் வரவே வராது.

வருஷ எண்ணிக்கைக்கும் நியாயம் உண்டு. 400, 500 அயிட்டம் வைத்திருக்கும் கடைக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எண்ணினால் போதும். சைக்கிள் கவுன்ட் ஆரம்பிக்கும் முன்னும் ஒரு முழு எண்ணிக்கை நடந்தே ஆக வேண்டும், தொடக்க இருப்பே தப்பாக இருந்தால் பிறகு வரும் வித்தியாசம் எதற்கும் அர்த்தமில்லை. சட்டம் மார்ச் 31-ல் மொத்தமாக எண்ணத்தான் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர் அறிக்கைக்கான 2020 காரோ உத்தரவு கேட்பது, நிர்வாகம் ‘நியாயமான இடைவெளிகளில்’ சரக்கைச் சரிபார்த்ததா, முறை பொருத்தமானதா, ஏதாவது ஒரு வகைச் சரக்கில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்திருந்தால் கணக்கில் சரியாகக் காட்டினார்களா என்பதைத்தான். சரக்கு மாதிரியானவற்றை ஈடு காட்டி 5 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் வரம்பு வைத்திருந்தால், வங்கிக்குக் கொடுக்கும் காலாண்டு ஸ்டேட்மென்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதும் அதில் வருகிறது. மார்ச்சில் மட்டும் எண்ணுகிறவர் ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஸ்டேட்மென்ட்டுகளை எதை நம்பி அனுப்புகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் தினசரித் தாள்கள் கையெழுத்தோடு கோப்பில் இருக்க வேண்டும். எங்கள் ஆடிட்டர் முதல் வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை, மார்ச்சில் இன்னொரு முறை எண்ணத்தான் செய்தோம்.

இது ஒரே குடோன், டேலி, பேப்பர் தாள் வைத்து நடத்துகிறவனின் அனுபவம். பார்கோடு ஸ்கேனர் வைத்த பெரிய கிடங்குகளில் வேலை வேகமாக நடக்கும் என்று நினைக்கிறேன், நான் அதில் வேலை பார்த்ததில்லை. மருந்து, உணவு மாதிரி பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் உள்ள சரக்கில் ஒரே அயிட்டத்தை நாலு தேதிக்கு நாலு தடவை எண்ண வேண்டியிருக்கும். என் முப்பது கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

இந்த மார்ச் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒருவன் வந்தான். கணக்கிலிருந்து 25, ரேக்கிலிருந்து 15, ஆக நாற்பது அயிட்டத்தை அவனே தேர்ந்தெடுத்து எண்ணினான். 39 சரி. ஒரு செயின் ஸ்ப்ராக்கெட் கிட் ஒன்று கூடுதலாக இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு வந்த ரிட்டர்ன், கிரெடிட் நோட் இன்னும் மேஜையில் கிடந்தது. ஷட்டர் திறந்தே இருந்தது, அவன் எண்ணிக்கொண்டிருந்தபோதே இரண்டு வண்டி லோடு ஏறிப் போனது.