மூட்டை தாங்கும் தளம்: வத்தலக்குண்டு இன்ஜினியரிடம் வாங்கிய டிசைன், ஒரு வருடம் கழித்து

திண்டுக்கல் மாவட்டத்து மலைக் கிராமமான தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர் காபி, ஊடே மிளகு. போன வருடம் தை கடைசியில் புது வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டோம். கீழே நாங்கள் குடியிருக்க, மேலே தகர ஷீட் போட்டு ஒரே பெரிய அறை. காய்ந்த காபியையும் மிளகையும் மூட்டை கட்டி, பட்டிவீரன்பட்டிக்கு அனுப்பும்வரை அங்கே அடுக்கி வைப்பதற்கு.

அந்தத் தளத்துக்குக் கம்பி டிசைன் செய்து தர ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு, அதாவது கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போடுகிறவருக்கு, 18,000 ரூபாய் கொடுத்தேன். வரைபடம், கணக்குத் தாள், கான்கிரீட் போடும் முன் ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பது, எல்லாம் சேர்த்து அந்தத் தொகை. எங்கள் பக்கம் இதற்கென்று தனியாகக் காசு கொடுக்கிறவர்கள் குறைவு. "மேஸ்திரிக்குத் தெரியாததா? அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு கட்டுக் கம்பி வாங்கிப் போடு" என்று என் அண்ணனே சொன்னார். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். இன்ஜினியரின் அலுவலகம் வத்தலக்குண்டில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் அப்பா கட்டிய பழைய வீடு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொட்டை மாடியின் நாலு மூலையிலும், மூலையைக் குறுக்கே வெட்டியதுபோல் சாய்வாக ஒரு விரிசல். நடுச் சுவர் போகிற வழியெல்லாம் மேலே ஒரு நீள விரிசல். ஐப்பசி மழை தொடங்கினால் அந்த வழியாகத்தான் நீர் இறங்கும். சிமென்ட் பால் ஊற்றினோம், தார் பூசினோம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது செய்துகொண்டே இருந்தோம். எல்லாரும் "சிமென்ட் சரியில்லை" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இடம் பார்க்க வந்த அன்று இன்ஜினியரைப் பழைய வீட்டு மாடிக்கும் கூட்டிப்போனேன். விரிசலைப் பார்த்ததும், "சிமென்ட் மேல பழி போடாதீங்கம்மா. இந்த இடத்துல எல்லாம் மேல்கம்பி இல்லை" என்றார். நாலு பக்கமும் தாங்கலுள்ள தளத்தின் நடுவில் பாரம் ஏறினால் மூலைகள் மேலே எழும்பப் பார்க்குமாம். மேலே சுவரோ பாரமோ இருந்து எழும்ப விடாமல் அமுக்கினால் கான்கிரீட் அந்த மூலையில் குறுக்காக வெடிக்கும். நடுச் சுவரின் மேல் நடப்பது வேறு. அங்கே தளம் மேல்நோக்கி முதுகு வளைக்கும். இழுவிசை மேற்பரப்பில் வரும், அங்கே பிடித்து நிறுத்தக் கம்பி வேண்டும். அப்பா வீட்டில் கம்பியெல்லாம் அடியில்தான் கிடக்கிறது. இருபது வருடமாகத் தார் பூசியவளுக்கு இதைக் கேட்டபோது மனசு கனத்துவிட்டது. காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை முழுதாக நம்ப வைத்தது. "மேல என்ன வைக்கப் போறீங்க?" மூட்டை என்றேன். ஒரு மூட்டை எத்தனை கிலோ, எத்தனை அடுக்கு, சுவர் ஓரமாகவா நடுவிலுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு மூட்டை 50 கிலோ, தரையில் ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடி இடம் பிடிக்கும். ஐந்து அடுக்கினால் 250 கிலோ. அவர் என் முன்னாலேயே கணக்குப் போட்டார்: ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண வீட்டு அறைக்கு விதிப்படி எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோதான். கட்டில், பீரோ, ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். என் மூட்டைகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அவர் 500 கிலோ என்று வைத்து டிசைன் செய்தார். மேஸ்திரி நல்ல வேலைக்காரர், மலையில் எத்தனையோ வீடு கட்டியவர். ஆனால் அவரும் சரி, பிளான் போட்டுக் கொடுத்தவரும் சரி, இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை.

எங்கள் தளம் நாலு கட்டம். ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 5 மீட்டர். நடுவில் கூட்டல் குறி போல பீம் ஓடுகிறது. இப்படி நாலு பக்கமும் தாங்கல் இருந்து, நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகாவிட்டால், தளம் பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும். அதைத்தான் இருவழித் தளம் என்கிறார்கள். எனக்கு விளங்குவதற்காக அவர் கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். நெடுக்கும் குறுக்குமாகக் கயிறு இருக்கிறது, உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்துதான் தாங்கும். ஆனால் குட்டைக் கயிறு விறைப்பு, அதனால் அதன் மேல் அதிகம் ஏறும். தளத்திலும் அப்படித்தான். ஓரங்கள் பிடிப்பில்லாமல் வெறுமனே சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் தளத்தில், 4க்கு 5 என்றால் பாரத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் குறுகிய பக்கமாகப் போகும். நீளம் இரண்டு மடங்கானால் 16 பங்கு குறுகிய பக்கம், 1 பங்கு நீளப் பக்கம். அதற்குமேல் இருவழி என்று சொல்வதற்கே அர்த்தமில்லை, ஒருவழித் தளமாகத்தான் கணக்குப் போடுவார்கள்.

கணக்குத் தாளில் ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தரநிலையின் 26ஆம் அட்டவணையிலிருந்து எடுத்த எண்கள் இருந்தன. எந்தெந்த ஓரம் பக்கத்துத் தளத்தோடு தொடர்கிறது, எது வெறும் ஓரம் என்று பார்த்து அந்த அட்டவணையில் ஒன்பது வகை பிரித்திருக்கிறார்கள். எங்கள் நாலு கட்டமும் ஒரே வகை: அடுத்தடுத்த இரண்டு ஓரம் வெளிப்பக்கம், மற்ற இரண்டும் உள்ளே. கணிப்பொறியில் என்னென்னவோ வசதி இருந்தாலும் இதை அவர் கையால் போட்டிருந்தார். எனக்கு அது பிடித்தது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துக் கேட்க முடிந்தது.

மேஸ்திரி சொல்லியிருந்தது 5 இஞ்சு தளம், இரண்டு பக்கமும் 8 எம்.எம். கம்பி 6 இஞ்சுக்கு ஒன்று. வரைபடத்தில் வந்தது 150 மி.மீ., அதாவது 6 இஞ்சு தளம். அடியில் குறுகிய பக்கம் 8 எம்.எம். 200 மி.மீ.க்கு ஒன்று, நீளப் பக்கம் 225க்கு ஒன்று. மேஸ்திரி சொன்னதைவிட அடிக்கம்பி குறைவு! அவர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா, மூட்டை ஏத்துற தளத்துக்குக் கம்பியைக் குறைக்கிறாரு?" என்றார். குறைத்த கம்பி மேலே போயிருந்தது. நடு பீம்களின் மேல் 150 மி.மீ.க்கு ஒன்று, அதில் பாதிக் கம்பி 1.2 மீட்டர் தூரம் வரை ஓட வேண்டும். வீட்டின் நாலு வெளிமூலையிலும் 80 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேலேயும் கீழேயும் வலை. அப்பா வீட்டு விரிசல் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் இப்போது கம்பி. வரைபடத்தை விரித்ததும் அதைத்தான் முதலில் தேடினேன்.

கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் 30 மி.மீ. என்று போட்டிருந்தார். உள்ளறைக்கு 20 போதும், இங்கே பக்கவாட்டுத் திறப்பு வழியாக மூடுபனியும் சாரலும் உள்ளே வரும், அதனால் 30, கான்கிரீட்டும் எம்-25 என்றார். எம் என்பதற்குப் பின்னால் வரும் எண் கான்கிரீட்டின் பலத்தைக் குறிப்பது, எண் கூடினால் பலம் கூடும். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற வழக்கமான கலவை எம்-20தான் வரும். அதனால் எம்-25க்குத் தனியாகக் கலவை எழுதித் தந்தார். அதில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ஒரு மூட்டை சிமென்டுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் கூடாது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்கவும்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாள் வந்தார். காலை பத்து மணிக்கு வந்தவர் மத்தியானம் மூன்று வரை இருந்தார். சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் தற்காலிகத் தட்டு) மேல் ஏறியதும் முதலில் குனிந்து பார்த்தது எந்தக் கம்பி அடியில் இருக்கிறது என்று. நாலு கட்டத்தில் இரண்டில் நீளக் கம்பி அடியிலும் குட்டைக் கம்பி அதன் மேலும் கட்டியிருந்தது. குட்டைக் கம்பிதான் அதிக பாரம் சுமக்கிறது, அதுதான் ஆகக் கீழே இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரே வலைதான், எனக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. அவிழ்த்துக் கட்ட அரை நாள் ஆனது. கம்பி கட்டுகிற பையன்கள் முணுமுணுத்தார்கள், மேஸ்திரி நின்று சரி செய்ய வைத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற வளைகம்பி, ‘சேர்’ என்பார்கள், அது போதாது என்று இன்னும் முப்பது வளைத்து வைக்கச் சொன்னார். "நாளைக்கு சட்டி தூக்குறவங்க எல்லாரும் இது மேலதான் மிதிப்பாங்க. ரெண்டரை சென்டிமீட்டர் அமுங்கினா அந்த இடத்துல பலம் அஞ்சுல ஒரு பங்கு போயிடும்" என்றார். மறுநாள் நான் பலகை போட்டு நடைபாதை அமைத்து, அதிலேதான் எல்லாரையும் நடக்கவிட்டேன். தண்ணீரையும் நானே அளந்து ஊற்றினேன், வாளியில் கோடு போட்டு. ஹோஸ் பைப்பை மிக்ஸர் பக்கமே விடவில்லை. கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்க முடியவில்லை என்று காலையில் சத்தம் வந்தது. வைப்ரேட்டர் ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது.

தளத்தைக் கீழிருந்து தாங்குகிற முட்டுகளைப் பிரிக்கிற விஷயம் மலைக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டுகளை எடுக்கலாம் என்று தரநிலையில் இருக்கிறது. ஆனால் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் போட்டால்தான் அந்தக் கணக்கு. நாங்கள் போட்டது பி.பி.சி., அதாவது போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட், அது மெதுவாகத்தான் இறுகும். இன்ஜினியர் சொன்னபடி சென்ட்ரிங் அடியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினேன். முதல் ஏழு இரவில் ஐந்து இரவு 12, 13 டிகிரிதான். எட்டாம் நாள் சென்ட்ரிங் ஷீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் வந்து நின்றார், வேறு இடத்தில் வேலை இருக்கிறதாம். இன்ஜினியர் பதினாலு நாள் விடச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, கூடுதல் நாட்களுக்கு வாடகை கொடுத்தேன். அத்தனை நாளும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வைத்தோம்.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருகிறேன் என்ற வரைபடம் பதினாறாம் நாள்தான் வந்தது. கூப்பிட்டால் போனை எடுப்பார், ஆனால் "நாளைக்கு" என்பார். அதற்குள் லாரியில் வந்திறங்கிய ஜல்லி பாதை ஓரத்தில் கிடந்து, போகிற வருகிறவர்களிடம் நான் பேச்சு வாங்கினேன். முழு வரைபடமும் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில். தினமும் கையில் வைத்து வேலை செய்கிற கம்பி கட்டுபவருக்குப் படிக்க முடியாத வரைபடத்தால் என்ன பயன்? பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகள்தான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடிக்கம்பி எது, மேல்கம்பி எது, எத்தனை இஞ்சுக்கு ஒன்று என்று தமிழில் பெரிய சார்ட் தாளில் எழுதி, சுவரில் ஒட்டினாள். அது வந்த பிறகுதான் வேலை ஓடியது. கம்பி வெட்டும் அளவுப் பட்டியலும் நான் கேட்ட பிறகே அனுப்பினார், அதற்குள் கொஞ்சம் கம்பி வீணாகிவிட்டது. முட்டு பிரிக்கிற அன்று வர முடியாது என்றார். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள் என்று போனிலேயே சொன்னார். நேரில் வந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

செலவையும் சொல்கிறேன். ஒரு இஞ்சு கூடியதால் கான்கிரீட் கூடியது, அடிக்கம்பி குறைந்ததும் மேல்கம்பி கூடியதும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அவருடைய 18,000 தனி. அப்பா வீட்டு மாடிக்கு இதுவரை ஊற்றிய சிமென்ட் பாலுக்கும் தாருக்கும் கூலிக்கும் அதைவிட நிச்சயம் கூடவே ஆகியிருக்கும்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. ஒரு மழைக்காலம் முழுதாகப் போயிற்று, இந்த வருடப் பறிப்பும் மேலே ஏறியிருக்கிறது. மூட்டை அடுக்கிய மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், மாதக் கடைசியிலும் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மேலே நாலு மூலையிலும் மூட்டையை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. ஐந்தாவது மூட்டை உயரத்தில் சுவரைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம், அதற்குமேல் யாரும் அடுக்கக் கூடாது. இப்போது நாலு மூட்டை உயரத்தில் நிற்கிறது.

அடுத்து கிழக்குப் பக்கம் வராண்டா இழுக்க வேண்டும். அதையும் அவரிடமே கொடுக்கப் போகிறேன். இந்தத் தடவை முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்வேன்: தமிழில் ஒரு தாள், முட்டு பிரிக்கிற அன்று நேரில் வருவது.