டெக்ட்ரோனிக்ஸ் 465: ஸ்கோப் நல்லது, நம்பர்தான் வில்லங்கம்

பண்டாரவளையிலிருந்து தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணே, டெக்ட்ரோனிக்ஸ் 465 ஒன்று விலைக்கு வருது, எடுக்கலாமா?" ஹட்டனில் என் மேசையில் பல வருஷமாக ஓடுவதும் அதே ஸ்கோப்தான், மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஒஸிலோஸ்கோப். போன கிழமைதான் திறந்து ரிப்பேர் பார்த்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

1972இல் வந்த மொடல், 100 மெகாஹேர்ட்ஸ், இரண்டு சேனல். அதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு எரிச்சல் உள்ளே இருக்கும் நம்பர்கள்தான். ட்ரான்சிஸ்டரில் 151-0190 என்று அடித்திருக்கும். எந்த டேட்டா புத்தகத்திலும் தேடிக் கிடைக்காது, கம்பனி தன் ஸ்டோருக்காக வைத்துக்கொண்ட நம்பர் அது. ஆள் யாரென்று பார்த்தால், எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்கு விற்கும் 2என்3904! 151-0188 அதன் ஜோடி, 2என்3906. இதற்கு ஏன் இவ்வளவு ரகசியம்?

முதல் மூன்று இலக்கம்தான் சாமானின் வகை: 151 ட்ரான்சிஸ்டர், 152 டயோட், 290 எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர், 156 வெளியில் வாங்கிய ஐசி. 155 என்றால் கம்பனி தானே செய்த ஐசி. அது போனால் செத்த ஸ்கோப் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டியதுதான். அந்தக் கால ஐசிகளில் இன்னொரு தொல்லை: 7438 என்று இருந்தால் அது ஐசியின் பெயராகவும் இருக்கலாம், 1974ஆம் வருஷம் 38ஆவது கிழமையில் செய்தது என்ற திகதியாகவும் இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு நம்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மிச்சமும் போய்விடும். வாயால் ஊதி, டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் தெரியும். ஜூலைக் குளிரில் எங்கள் ஊரில் ஊதவே தேவையில்லை.

இந்த முறை போனது டான்டலம் கண்டென்சர். அவரை விதை அளவு சாமான், ஷோர்ட் ஆகி 15 வோல்ட் லைனையே படுக்க வைத்துவிட்டது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். என்னுடையதில் நிறைய ட்ரான்சிஸ்டர்கள் சொக்கெட்டில்தான் இருக்கின்றன. சோல்டரிங் அயனைத் தொடாமலே பிடுங்கி மீட்டரில் போட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் மேனுவலில் அந்த ரகசிய நம்பர்களுக்கு நேரே அசல் நம்பரும் உண்டு. திரையில் ஓடும் கோட்டின், அதாவது ட்ரேஸின், கூர்மையைப் பார்த்தால் புது டிஜிட்டல் ஸ்கோப் பக்கம் போக மனமே வராது.

இருந்தாலும் வாங்காதீர்கள் தம்பி. மேனுவல் இல்லாமல் விற்கிறார் என்றால் அறவே வேண்டாம். விலையை இன்னும் இறக்கினால் மட்டும் எனக்கு ஒரு கோல் எடுங்கள். அதில் இருக்கும் 155கள் எனக்கு வேண்டும்.