நுரையீரல் ஸ்கேன் கற்க வொர்க்‌ஷாப் போதுமா, கேஷுவாலிட்டி கட்டிலுக்கே போக வேண்டுமா?

"சார், லங் ஸ்கேன் கத்துக்கணும், எந்த கோர்ஸ் போகட்டும்?" சென்னையில் கேஷுவாலிட்டி ட்யூட்டி பார்க்கிற இளம் டாக்டர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். லங் ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்ட் மெஷினின் ப்ரோபை நெஞ்சில் வைத்து நுரையீரலைப் பார்ப்பது. ஆன்லைன் வீடியோ, ரெண்டு நாள் வொர்க்‌ஷாப், சிமுலேட்டர், சீனியர் பக்கத்தில் நிற்க நோயாளியிடமே கற்பது என்று நாலு வழி இருக்கிறது. என் கட்சி எதுவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன், நாலாவதுதான். ஆனால் அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை. அதனால் மற்ற மூன்றையும் தள்ளிவிட முடியாது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? விபத்தில் அடிபட்டு மல்லாந்து கிடப்பவருக்கு எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பதை, அதாவது நியூமோதோராக்ஸை, பாதிக்குப் பாதி தவறவிடுகிறது. 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் ஸ்கேன் சுமார் 91 சதவீதம் பேரிடம் அதைக் கண்டுபிடித்தது, எக்ஸ்ரே 47 சதவீதம் பேரிடம்தான். மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கென்று பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட ப்ளூ ப்ரோட்டோகால் என்ற ஸ்கேன் வழிமுறையில், 260 நோயாளிகளில் 90.5 சதவீதம் பேருக்குக் காரணம் சரியாகக் கிடைத்தது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, அந்த எண்கள் பழகிய கைகளில் வந்தவை. ப்ரோபை நேற்று வாங்கிய கையில் அதே எண் வரும் என்று நம்பினால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

ஆன்லைன் வழியை முதலில் பார்த்துவிடலாம். செலவு குறைவு, தாம்பரத்திலிருந்து எழும்பூர் வருகிற ரயிலில் உட்கார்ந்தே பார்க்கலாம், பிடிபடாத இடத்தைத் திருப்பிப் போடலாம். நுரையீரலை மூடியிருக்கும் ஜவ்வுதான் ப்ளூரா. அந்த ப்ளூரா கோட்டின் எதிரொலியாக சம இடைவெளியில் படுக்கையாக விழுவது ஏ கோடு, ப்ளூராவிலிருந்து கிளம்பித் திரையின் அடிவரை டார்ச் வெளிச்சம் மாதிரி இறங்குவது பி கோடு, ஒரே விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ பி கோடு இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. இதையெல்லாம் கண்ணுக்குப் பழக்க வீடியோ நல்ல வழி. கைக்கு அதில் எதுவும் கிடைக்காது. ப்ரோப் இரண்டு டிகிரி சாய்ந்தாலே ப்ளூரா மங்கிவிடும், அதை எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லித் தராது. போதாக்குறைக்கு, வீடியோவில் காட்டுவதெல்லாம் நூறில் தேறிய ஒரு படம்.

வொர்க்‌ஷாப்புக்கு வருவோம். ஓட்டல் ஹாலிலோ கல்லூரி ஸ்கில் லேபிலோ நடக்கும், ஒரு மெஷினைச் சுற்றி ஐந்தாறு பேர், நடுவில் சட்டையைக் கழற்றிப் படுத்திருக்கும் ஒல்லியான மாணவர் ஒருவர். மெஷினைப் பார்த்தாலே வரும் தயக்கம் போவது இங்கேதான். ஆழத்தை மாற்றும் டெப்த், வெளிச்சத்தை மாற்றும் கெயின் எங்கே இருக்கிறது, நுரையீரலுக்கு ஏன் படத்தை மழுப்புகிற ஃபில்டரையெல்லாம் அணைக்க வேண்டும், ப்ளூரா அசைவுக்கு நேர் ப்ரோப், ஆழத்தில் இருக்கும் நீருக்கு வளைந்த ப்ரோப், ரெண்டு விலா எலும்புக்கு நடுவில் ப்ளூரா தெரியும் அந்த வௌவால் படத்தை (விலாக்கள் இறக்கை, ப்ளூரா உடல்) எப்படிக் கொண்டுவருவது, எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் அங்கே படுத்திருப்பவரின் நுரையீரலில் நோய் இல்லை, அங்கேதான் சிக்கல்.

என் கதையையே சொல்கிறேன். வொர்க்‌ஷாப் முடித்து மூன்றாவது வாரம். அறுபதைத் தாண்டிய ஆட்டோக்காரர் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே வந்தார். இடது மேல் நெஞ்சில் ப்ரோப் வைத்தேன். ப்ளூரா அசையவே இல்லை, அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம் மோடில் பார்கோடு மாதிரி அடுக்கடுக்காக நேர் கோடுகள். அசைவு இல்லையென்றால் நியூமோதோராக்ஸ் என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. சிஸ்டரிடம் ஐசிடி ட்ரே, அதாவது நெஞ்சுக்குள் டியூப் போடும் சாமான், எடுக்கச் சொல்லிவிட்டேன். சீஃப் அந்தப் பக்கம் வந்தவர் கேட்டது ரெண்டே கேள்வி: "லங் பாயின்ட் பாத்தியா? பழைய டிபி உண்டான்னு கேட்டியா?" ரெண்டும் இல்லை. (நுரையீரல் அசைகிற இடமும் அசையாத இடமும் சந்திக்கும் புள்ளிதான் லங் பாயின்ட், அது தெரிந்தால் நியூமோதோராக்ஸ் உறுதி.) அவர் என் கையோடு சேர்த்து ப்ரோபைப் பிடித்து, "கோட்டை மட்டும் பாரு, இதயத் துடிப்போட சேத்துப் பாரு" என்றார். கோடு பக்கவாட்டில் நகரவில்லைதான், ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் மயிரிழை அளவு துள்ளியது. அதுதான் லங் பல்ஸ், அது தெரிந்தால் அந்த இடத்தில் நடுவில் காற்று இல்லை என்று அர்த்தம். "ஐயா, முன்னாடி டிபி வந்துச்சா?" என்று கேட்டதும் அவர் திணறலுக்கு நடுவிலே, "இருவது வருசம் முன்னாடி தாம்பரத்துல படுத்திருந்தேன் டாக்டர்" என்றார். எக்ஸ்ரேயில் மேல் பகுதி முழுக்கப் பழைய தழும்பு, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருந்தது. நான் டியூப் போட்டிருந்தால் நுரையீரலையே கிழித்திருப்பேன்.

ப்ளூரா அசைந்தால் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. அசையாவிட்டால் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, பழைய டிபி ஒட்டல், நுரையீரலில் காற்றுப் பை மாதிரி ஊதிய பெரிய புல்லா, செயற்கை மூச்சுக்குப் போட்ட டியூப் ஒரே பக்க மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது என்று எத்தனையோ காரணம் உண்டு. இதை ஸ்லைடில் எனக்கும் காட்டியிருந்தார்கள். டிபி இவ்வளவு புழங்குகிற நம் ஊரில் அந்த ஒரு ஸ்லைடு போதாது.

சிமுலேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லங் பாயின்ட் மாதிரி அபூர்வமானதைப் பத்து தடவை திருப்பிப் பார்க்கலாம், தப்பு செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ரப்பர் நெஞ்சு வியர்க்காது, திணறாது. உங்கள் கல்லூரியில் இருந்தால் ஒரு மதியம் உட்காருங்கள், அதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

கட்டில் பக்கத்தில் கற்பதன் பெரிய பலமே விடை திரும்பி வருவதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு வீசிங்கோடு ஒரு அம்மா வருகிறார், ஆஸ்துமா என்று நெபுலைசேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது, ப்ரோப் வைத்தால் ரெண்டு பக்கமும் பி கோடு கொட்டுகிறது, நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம் அது, பிபி ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. இதயம்தான் காரணம் என்று நைட்ரோகிளிசரினும் மாஸ்க் வென்டிலேஷனும் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி வைத்துப் பார்க்கிறீர்கள். அந்தப் பாடம் மறக்காது. டயாலிசிஸ் தவறவிட்டு வருபவரை டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள், பி கோடுகள் குறைவது கண்ணெதிரே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகளிடம் ப்ளூரா நீர் பார்த்துப் பழகலாம். பி கோடு எல்லாமே இதய நீர் இல்லை, கரடுமுரடான ப்ளூராவும் நடுநடுவே தப்பிய இடங்களும் இருந்தால் நிமோனியாவோ, நுரையீரல் முழுக்கப் பாதிக்கும் ஏஆர்டிஎஸ்ஸோ என்று யோசிக்க வேண்டும் என்பதும் இங்கேதான் உறைக்கும்.

எத்தனை ஸ்கேன்? அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் சரிபார்க்கப்பட்ட 25 முதல் 50 வரை கேட்கிறது. ஐசியூக்களில் நடந்து 2020இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வும் மேற்பார்வையில் 25 செய்தால் அடிப்படை பிடிபடும் என்கிறது. மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் செய்த நூறு ஸ்கேன், தப்பையே நூறு தடவை பழகியதாகவும் இருக்கலாம்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. சீனியரின் தப்பும் சேர்ந்தே உங்களுக்கு வரும், கூட்டம் நெரிகிற ராத்திரியில் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது, எழுதி வைக்காவிட்டால் 25 ஆனதா 8 ஆனதா என்றே தெரியாது.

அதனால் யாருக்கு எது? எமர்ஜென்சி மெடிசின் பிஜி (முதுநிலை மாணவர்) என்றால் வீடியோ பார்த்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போங்கள், உங்களிடம் நோயாளியும் இருக்கிறார், சீனியரும் இருக்கிறார், வொர்க்‌ஷாப் கட்டாயமில்லை. ஹவுஸ் சர்ஜனுக்கு இப்போதைக்கு வீடியோவும், சீனியர் ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் நிற்பதும் போதும். ஒரே ட்யூட்டி டாக்டராகச் சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவருக்குத்தான் வொர்க்‌ஷாப் உண்மையிலேயே தேவை, ஆனால் முடிந்த பிறகும் உங்கள் படங்களைப் பார்க்க ஆள் தருகிற வொர்க்‌ஷாப்பாகத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, உங்கள் ரேடியாலஜிஸ்ட்டிடம் போய் உட்காருங்கள், ப்ளூரா நீரை அவரைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இல்லை. நோயாளியின் பெயர் இல்லாமல் ஆறு வினாடி கிளிப் சேமித்து, நீங்கள் சொன்னது என்ன, கடைசியில் சிடியோ எக்ஸ்ரேயோ சொன்னது என்ன என்று ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை அவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கையடக்க மெஷினை சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி ஸ்கேன் மெஷின் பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்க வேண்டும், நுரையீரல் மட்டும்தான் பார்க்கிறேன் என்பது விலக்கு ஆகாது. வாங்குவதற்கு முன் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் பதிவு விவரத்தைக் கேட்டுவிடுங்கள்.